மீன் வாயில் மாப்பிள்ளை

அன்பு நிறைந்த அக்கா மார்லிஸுக்கு,

நம் ஊர் ஆட்டர் பெண்டிலிருந்து உன் தம்பி வெண்டல் எழுதுவது. இங்கே நானும் நாயும் சுகம். ஏரியில் பனிக்கட்டி கரைந்து தண்ணீர் தெரிகிறது. என் முழங்காலைப் பற்றி நீ கேட்காதே, நானும் சொல்லவில்லை. அரிசோனா வெயிலில் நீயும் அத்தானும் கருகிப் போகாமல் இருக்க ஞாயிறுதோறும் சர்ச்சில் வேண்டிக்கொள்கிறேன். இதை போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ நடுவில் கத்துவாய், நான் சொல்லி முடிக்க மாட்டேன். ஆகவே கடிதம். உட்கார்ந்துகொண்டு படி.

உன் மகள் ஜோலீனும் மாப்பிள்ளை டெஸ்மண்டும் வந்துவிட்டுப் போனார்கள். நீ சொல்லி அனுப்பியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "ஊரை நல்லாச் சுத்திக் காட்டுடா. மாப்பிள்ளைக்குப் புடிச்சுப்போய் அங்க குடிவந்துட்டா நாங்களும் இந்தப் பாலைவனத்தை விட்டுட்டு வந்துருவோம்" என்றாய். மாப்பிள்ளை பல் டாக்டர். நம் ஊர்ப் பல் டாக்டர் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து, பல்வலி வந்தால் சோளக்காடுகளைத் தாண்டி அடுத்த மாவட்டத்துக்குக் காரோட்ட வேண்டியிருக்கிறது. ஊருக்கு அவர் வேண்டும், எனக்கு நீ பக்கத்தில் வேண்டும். ஆகவே பலமாகத் திட்டம் போட்டேன். காலையில் ஏரிக்கரை, அப்புறம் பாலாடைக்கட்டித் தொழிற்சாலை, மத்தியானம் டிராக்டர் அருங்காட்சியகம், சாயங்காலம் பூங்காவில் பேண்டு வாத்தியம், வெள்ளிக்கிழமை என்பதால் ராத்திரிக்குச் சர்ச்சில் வழக்கமான வறுத்த மீன் விருந்து. அவர்கள் இருக்கும் சியாட்டிலில் இதெல்லாம் ஏது?

முதலில் ஏரிக்கரையில் வாயைப் பிளந்து நிற்கும் நம் பெரிய சிமெண்ட் மீன் சிலை. அதனோடு படம் எடுத்துக்கொள்ளாமல் எந்த விருந்தாளியாவது ஊரைவிட்டுப் போனதுண்டா? மாப்பிள்ளை பக்கத்தில் நின்று சிரித்தாலே போதும் என்றார். மீன் பாதி விழுங்கிய மாதிரி, காலை உள்ளே விட்டு இடுப்புக்கு மேலே வெளியே தெரிய எடுத்தால்தான் அழகு என்று சொன்னது நான்தான் அக்கா. "இன்னும் கொஞ்சம் உள்ள போங்க மாப்பிள்ளை, தொப்பை தெரியுது" என்றதும் நான்தான். அவர் போனார். திரும்பி வரவில்லை. போன வருஷம் மீனுக்குப் புதுப் பல் கட்டியது எனக்குத் தெரியும், அது உள்பக்கமாகச் சாய்ந்திருப்பது தெரியாது. உள்ளே போகும்போது வழுக்கிவிட்டது, வெளியே இழுத்தால் இடுப்பில் குத்துகிறது. நான் ஒரு கையையும் ஜோலீன் ஒரு கையையும் பிடித்து இழுத்தோம். பேண்ட் கிழிந்தது, மாப்பிள்ளை வரவில்லை.

தீயணைப்பு வண்டி வந்தது. நம் கர்ட்தான் அதிகாரி.

"எந்த முட்டாள் இந்தப் பல்லைக் கட்டினான்?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"நான்தான் சார். உறுதியா இருக்கில்ல?" என்றான் கர்ட், மலர்ந்த முகத்தோடு.

உடைக்கச் சொன்னால் அவனுக்கு மனசு வரவில்லை. சமையல் எண்ணெய் ஊற்றிப் பார்த்தான், சோப்பு நுரை பீச்சிப் பார்த்தான். அதற்குள் ஊரே கூடிவிட்டது. சர்ச் சமையல்கட்டிலிருந்து லவோன் வேகவைத்த உருளைக்கிழங்குத் தட்டோடு ஓடிவந்து, "பாவம், வெறும் வயித்தோட மாட்டிக்கிட்டாரே" என்று கரண்டியால் ஊட்டத் தொடங்கினாள். தொழிற்சாலைக்காரர்கள் கடித்தால் கீச்சென்று கத்தும் புதுப் பாலாடைக்கட்டியோடு வந்தார்கள். அருங்காட்சியகத்துக்காரர், கட்டி இழுத்துவிடலாம் என்று தன் பழைய டிராக்டரையே ஓட்டி வந்துவிட்டார். கூட்டத்தைக் கண்டதும் பேண்டு கோஷ்டி பூங்காவை விட்டுவிட்டு இங்கே வந்து வாசிக்க ஆரம்பித்தது. நான் காட்ட நினைத்த எதையும் மாப்பிள்ளை பார்க்காமல் போகவில்லை, அதை மட்டும் எனக்காக நினைத்துக்கொள்.

லவோன்தான் ஆரம்பித்து வைத்தாள். "உங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாது. சும்மா இருக்கீங்களேன்னுதான். இந்தப் பக்கம் ஒரு பல்லு..." என்று வாயைத் திறந்தாள். மாப்பிள்ளை கர்ட்டின் டார்ச்சை வாங்கி எட்டிப் பார்த்தார். "இதை இப்படியா விட்டு வைப்பீங்க?" என்று அதட்டினார். அவ்வளவுதான், பின்னால் வரிசை நின்றுவிட்டது. ஜோலீன் என் காதோரம், "மாமா, எங்க தேனிலவுகூட இவ்வளவு ஆர்ப்பாட்டமா இல்ல" என்றாள். பாராட்டா திட்டா, இன்னும் விளங்கவில்லை.

வரிசையில் கர்ட்டின் அண்ணன் எல்டனும் வந்தான். கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. வாயைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் முகம் மாறிவிட்டது.

"இது விளையாட்டு இல்ல. சீழ் கழுத்துக்கு இறங்குது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"விதைப்பு முடியட்டும், போறேன்" என்றான் எல்டன்.

மாப்பிள்ளை குனிந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார். "நீங்க போகலன்னா நான் இங்கேருந்து வரமாட்டேன்."

"உங்களால வரவும் முடியாதே!"

"அதான். எனக்கு அவசரம் இல்ல. உங்களுக்குத்தான் அவசரம். ராத்திரி மூச்சு அடைச்சா யாரு விதைப்பாங்க?"

பேண்டு வாத்தியம் நின்றுபோயிற்று. எல்டனின் மனைவி அழத் தொடங்கினாள். எல்டன் தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான், போய் வண்டியில் ஏறினான். வண்டி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்த கர்ட், சம்மட்டியை எடுத்துவந்து, தான் கட்டிய பற்களை ஒவ்வொன்றாக உடைத்தான். இந்தத் தடவை யாரும் அவனிடம் சொல்லவில்லை. மாப்பிள்ளை எண்ணெயும் நுரையுமாக வெளியே வந்ததும் ஊரே கைதட்டியது. எல்டன் பிழைத்துக்கொண்டான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் போயிருப்பான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

ஆனாலும் அக்கா, உன் காரியத்தை நான் கெடுத்துவிட்டேன். ராத்திரி சாப்பாட்டில் மாப்பிள்ளை மீனைத் தொடவில்லை. கிளம்பும்போது, "எப்படி இருக்கு எங்க ஊரு?" என்று கேட்டேன். "வித்தியாசமா இருக்கு" என்றார். நம் ஊரில் அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று உனக்குத் தெரியாதா? அத்தை செய்த, வாயில் வைக்க முடியாத ஜெல்லி சாலட்டைக்கூட நாம் அப்படித்தான் சொல்வோம். ஆகவே அங்கே வீட்டை விற்கும் பேச்சை எடுக்காதே. வருஷத்துக்கு ஒருமுறை வந்து உன் முகத்தைக் காட்டு, அது போதும். அத்தானுக்கு என் வணக்கம், அவருடைய கோல்ஃப் பந்துக்கும் நல்ல புத்தி உண்டாகட்டும். கடவுள் உங்கள் இருவரையும் நிழலில் வைத்துக் காப்பாராக.

உன் துரதிர்ஷ்டசாலித் தம்பி,
வெண்டல்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். இப்போதுதான் ஜோலீன் பேசினாள். மாப்பிள்ளை நம் ஊர்க் கடைத்தெருவில் காலியாகக் கிடக்கும் செருப்புக் கடையைப் பல் ஆஸ்பத்திரி வைக்க வாடகைக்குப் பேசி முடித்துவிட்டாராம். "மாமா, வரிசையில நின்னவங்க பாதிப் பேரைப் பார்க்காமலே வந்துட்டாராம், தூக்கமே வரலயாம்" என்கிறாள். எனவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு, வீட்டை விற்றுவிடு. இன்னொன்று. மாப்பிள்ளையின் அம்மா அடுத்த வாரம் ஊரைப் பார்க்க வருகிறாராம். "நான் சுத்திக் காட்டுறேன்" என்றேன். அந்தப் பக்கம் போன் கீழே விழுந்த சத்தம்தான் கேட்டது. நீ உடனே கிளம்பி வா.