தெய்வானை வண்டியில் வந்த புகை

ஒரு காட்டில் சிங்கத்துக்கென்று ஒரு விருந்தினர் மாளிகை இருந்தது. அதன் முன்னால் பெரிய புல்தரை. ஆரம்பத்தில் முயல்கள்தான் அதை மேய்ந்து ஒழுங்காக வைத்திருந்தன. பக்கத்துக் காட்டுப் புலி விருந்துக்கு வந்த இடத்தில், "புல்லு ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருக்கே" என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போனது. சிங்கத்துக்கு மானமே போய்விட்டது. மறுவாரம் பெட்ரோலில் ஓடும் புல் வெட்டும் மிஷின் இரண்டு வந்து இறங்கின. ஒன்றைக் கரடி அங்கமுத்துவிடமும் இன்னொன்றை நரி சுகுமாரனிடமும் ஒப்படைத்தார்கள்.

இருவருமே தற்காலிகம். அங்கமுத்து மூன்று வருஷமாகத் தற்காலிகம். இரண்டு பேரில் ஒருவரை நிரந்தரம் ஆக்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டதிலிருந்து அவருக்குத் தேன்கூடு இனிக்கவில்லை.

வெட்டி முடித்ததும் மிஷினை ஓடைக்கு அந்தப்பக்கம் உள்ள கிடங்கில் சேர்க்க வேண்டும். நம் ஊரில் இதற்குக் குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டி பிடிப்போம். அங்கேயும் குட்டியானைதான், ஆனால் நிஜமான குட்டியானை. பெயர் தெய்வானை. பின்னால் பலகை வண்டியைப் பூட்டிக்கொண்டு இழுப்பாள். ஒரு நடைக்கு ஒரு மிஷின்தான் ஏறும்.

அன்றைக்கு வேலை முடிந்ததும் சுகுமாரன் மிஷினை அணைத்த கையோடு வண்டிப்பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

"தம்பி, அரைமணி நேரம் ஆறட்டும்," என்றார் அங்கமுத்து. "சைலன்சர் கொதிக்குது. அடியில காஞ்ச புல்லு அப்பியிருக்கு பாரு, அதைச் சுரண்டி எடுத்துடு. பெட்ரோல் குழாயை மூடு."

"கூப்பிடு தூரத்துல கிடங்கு. இதுக்கு இவ்வளவு சடங்கா அண்ணே?" என்று சொல்லிவிட்டு, சுகுமாரன் மிஷினைச் சூட்டோடு சூடாக வண்டியில் ஏற்றினான். கயிறுகூடக் கட்டவில்லை. கீழே விரித்திருந்த சாக்கின்மேல் அது சாய்ந்து நின்றது.

தெய்வானை திரும்பிப் பார்த்தாள். "என்னண்ணே, முதுகுப்பக்கம் சுடுது?"

"வெயிலும்மா. நட," என்றான் சுகுமாரன்.

அங்கமுத்து தன் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து அது ஆறுவதற்குக் காத்திருந்தார். கால்மணி ஆகியிருக்காது. ஓடைப்பக்கம் புகை எழும்பியது. எழுந்து ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் சாக்கு பற்றிக்கொண்டது. சுகுமாரன் வண்டியிலிருந்து குதித்துப் புதருக்குள் போனதை அவர் கண்ணாலேயே பார்த்தார். தெய்வானைக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வண்டியோடு ஓடைக்குள் இறங்கி, தும்பிக்கையால் தண்ணீரை வாரி வாரிப் பின்னால் இறைத்தாள். தீ அணைந்தது. வால் முடி மட்டும் கருகிப்போனது.

அங்கமுத்து சேற்றை அள்ளி அவள் வாலில் அப்பிக்கொண்டிருந்தபோது, குரங்குக் கூட்டம் வேடிக்கை பார்க்க வந்தது. சுகுமாரனும் வந்தான். கரியை எடுத்து முகத்தில் இரண்டு கோடு இழுத்துக்கொண்டு, வண்டிமேல் ஏறி நின்றான்.

சுகுமாரனின் மிஷினைக் கிடங்கில் இறக்கிவிட்டு வண்டி திரும்பிக் காய்ந்ததும் அங்கமுத்து தன் மிஷினை ஏற்றினார். அதற்குள் மிஷின் நன்றாக ஆறியிருந்தது. பிளேடில் ஒட்டிய புல்லைச் சுரண்டி, பிளக் வயரைக் கழற்றி, பலகையைச் சரிவாகப் போட்டு மெல்ல உருட்டி ஏற்றினார். நாலு மூலையிலும் கயிறு இழுத்துக் கட்டினார். பெட்ரோல் கேனைக் கையிலேயே எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தார்.

"சுமையே தெரியலண்ணே," என்றாள் தெய்வானை. அங்கமுத்துவுக்கு அது போதும் போலிருந்தது.

சாயங்காலம் சிங்கம் இருவரையும் கூப்பிட்டது. பாதுகாப்பு அறிக்கை என்று ஒரு படிவம் உண்டு. சுகுமாரன் தானே தீயை அணைத்த கதையை அதில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதியிருந்தான். அங்கமுத்துவின் படிவத்தில் பெயரும் தேதியும் மட்டும் இருந்தன.

"என்ன விபத்துங்கிற இடம் காலியா இருக்கே," என்றது சிங்கம்.

"விபத்து நடக்கலீங்கய்யா."

"எப்படிச் சமாளிச்சீங்க?"

"நடக்காததை எப்படிங்கய்யா சமாளிக்கிறது?"

"அப்போ அரைமணி நேரம் என்னதான் பண்ணினீங்க?"

"ஆறட்டும்னு உக்காந்திருந்தேங்க."

சிங்கம் 'உட்கார்ந்திருந்தார்' என்று எழுதிக்கொண்டது. தெய்வானையைக் கேட்டுப் பாருங்கள் என்றார் அங்கமுத்து. வண்டியின் வாக்குமூலத்துக்குப் படிவத்தில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சுகுமாரன் நிரந்தரமானான். நிரந்தரம் மட்டுமில்லை, பாதுகாப்பு அதிகாரி. மறுநாள் எல்லா விலங்கையும் கூட்டி வைத்து, மிஷின் ஆறுவதற்கு அரைமணி காத்திருக்க வேண்டும் என்று வகுப்பு எடுத்தான். அங்கமுத்துவை முதல் வரிசையில் உட்கார வைத்தான்.

அங்கமுத்து எட்டாம் நாள் புல் வெட்டினார். வழக்கம்போல ஆறவைத்து, கட்டி, கிடங்கில் பத்திரமாக இறக்கி வைத்தார். வண்டியை அவிழ்த்துத் தள்ளி நிறுத்தினார். பிறகு தெய்வானையை ஓடைக்கரை மணலுக்குக் கூட்டிப்போனார். பக்கத்தில் ஒரு செடிகூட இல்லாத இடமாகப் பார்த்து, ஒரு கைப்பிடி காய்ந்த புல்லைக் குவித்தார். வாளி நிறையத் தண்ணீரை முன்னாலேயே வைத்துக்கொண்டு, தீக்குச்சியைக் கிழித்தார்.

"அண்ணே, நான் கொஞ்சம் பிளிறட்டுமா?" என்று கேட்டாள் தெய்வானை.

"ஒரு தடவை போதும்மா. குரங்குங்களுக்குக் கேட்டாச் சரி."

குரங்குகள் வந்து பார்த்தபோது அங்கமுத்து புகைக்கு நடுவே வாளியோடு நின்றிருந்தார். அன்றைய படிவத்துக்கு அவருக்கு இரண்டு தாள் கூடுதலாகத் தேவைப்பட்டது. அடுத்த திங்கட்கிழமை அவரும் நிரந்தரமானார்.

நீதி: மிஷினை ஆறவைத்து ஏற்றுங்கள், இறுக்கிக் கட்டுங்கள், பத்திரமாக இறக்குங்கள். அதன்பிறகு மேலிடத்துக்குத் தெரிகிற மாதிரி எங்காவது கொஞ்சம் புகை போடுங்கள்.