செவ்வாய்க்காரனுக்கு ஒரு துபாஷ்

ஐம்பதுகளில் ஓசூரில் விளைந்த கோபம் மொத்தத்தையும் ஒரே ஆள் குத்தகைக்கு எடுத்திருந்தார். அவர் பெயர் சம்பளப் பதிவேட்டுக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் துபாஷ். நான் நகல் குமாஸ்தாவாக இருந்த கோர்ட்டில், பாகலூர்த் தெலுங்கையும் தேன்கனிக்கோட்டைக் கன்னடத்தையும் தமிழாக்கிச் சொல்வது அவர் வேலை. அவருடைய கோபம் தெலுங்கில் கிளம்பும், கன்னடத்தில் சூடேறும், தமிழில் வந்து வெடிக்கும்.

அவருக்குப் பரம விரோதி செவ்வாய்க் கிரகத்தான்.

ஒருநாள் சலூனில் யாரோ வாரப்பத்திரிகைத் தொடரை உரக்கப் படித்தார்கள். சென்னைக் கடற்கரையில் பறக்கும் தட்டு இறங்குகிறது. உள்ளிருந்து பச்சை உருவம் ஒன்று வந்து, "மானிடரே, அஞ்சற்க" என்கிறது. ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு துபாஷ் எழுந்தார்.

"எட்டு மைல்லேருந்து வர்ற பாகலூர்க்காரனுக்கு நான் வேணும். இவனுக்கு வேணாமா? யாருகிட்டப் படிச்சான் இந்த இலக்கணம்?"

"உக்காருங்க சாமி, கத்தி பட்டுடும்."

உட்காரவில்லை. பாதி முகம் மழித்தபடியே கோர்ட்டுக்கு வந்து மூன்று சாட்சிகளை மொழிபெயர்த்தார். அடுத்த வாரம் அதே பத்திரிகையில் இயந்திர மனிதன் பேசினான். "இரும்புக்கு எந்த ஊர்த் தமிழ்டா வரும், சேலமா தருமபுரியா?" என்று பத்திரிகையைச் சாக்கடையில் வீசினார். அது சலூன்காரருடையது.

எனக்கு அப்போது எழுத்துப் பித்து. நானும் ஒரு கதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பியிருந்தேன். தேன்கனிக்கோட்டைக் கேழ்வரகுக் கொல்லையில் ஒரு வேற்றுக்கிரகவாசி வந்து விழுகிறான். ஊரார் யானை என்று தப்பட்டை அடித்து விரட்ட வருகிறார்கள். அவனோ எழுந்து நின்று உலக சமாதானம் பற்றி இரண்டு பக்கம் செந்தமிழில் பொழிகிறான். பத்திரிகை ஆசிரியர் கடிதம் போட்டார்: சற்றுச் சுருக்கி உடனே அனுப்பினால் வெளியிடுகிறோம். அதுதான் என் முதல் கதை. அச்சில் என் பெயரைப் பார்க்காமல் செத்துவிடுவேனோ என்று பயந்த வயசு.

கையெழுத்துப் பிரதியை ஆபீஸில் எல்லோருக்கும் காட்டினேன். துபாஷ் பிடுங்கிக்கொண்டு போனார். மறுநாள் திரும்பி வந்தது. வேற்றுக்கிரகவாசி வாய் திறந்த இடமெல்லாம் சிவப்பு மையில் அடித்து, ஓரத்தில் ஒரே வாக்கியம்: சாட்சி சொன்னது விளங்கவில்லை.

எனக்கும் கோபம் வந்தது. "இது கதைங்க ஐயா. வாக்குமூலமில்ல."

"கதைன்னா என்ன வேணா சொல்லுவியா?" என்று மேஜையைக் குத்தினார். மைக்கூடு கவிழ்ந்தது. பிறகு, தமிழில் மட்டும், குரல் இறங்கிப் பேசினார்.

"வேலைக்கு வந்த புதுசு. காட்டோரத்து ஆள் ஒருத்தன் கூண்டுல நின்னான். அவன் பேச்சு முக்காவாசி புரிஞ்சுது. புரியலைன்னு சொல்ல வெட்கம். மிச்சத்த நானே கட்டிச் சொன்னேன். ஆறு மாசம் உள்ள போனான். அவன் நெசமா என்ன சொன்னான்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாதுப்பா."

வீட்டில் என்னிடம் இன்னொரு சுத்தப்பிரதி இருந்தது. அதைத் தபாலில் போட்டிருக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு, அவரைத் திட்டிக்கொண்டே, சிவப்பு மையின்படி கதையை மறுபடி எழுதினேன். கொல்லையில் விழுந்தது ஏதோ முனகுகிறது. ஊரார் மூன்று பாஷையிலும் கேட்டுப் பார்க்கிறார்கள். புரியவில்லை என்று ஒத்துக்கொண்டு, ஒரு சொம்பு தண்ணீர் வைக்கிறார்கள். அவ்வளவுதான் கதை.

அதைப் பத்திரிகைக்கு அனுப்பினேன். எட்டாம் நாள் திரும்பி வந்தது. 'வாய் திறக்காத வேற்றுக்கிரகவாசியால் எமது வாசகர்க்கு என்ன பயன்?'

துபாஷ் அதைப் படித்தார். காது சிவந்தது. அன்றே ஆசிரியருக்கு மூன்று பாஷையில் மூன்று பக்கம் வசைபாடித் தபாலில் சேர்த்தார். பிறகு பத்து வருஷம் அந்தப் பத்திரிகை என் கதை எதையும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

கடிதத்தைப் போட்டுவிட்டு வந்த கையோடு என்னைக் காப்பிக் கடைக்கு இழுத்துப்போனார். டம்ளரை வைத்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமலே இருந்தார்.

"ஏம்பா, அது எதுக்கு வந்துச்சு, அந்தக் கொல்லைக்கு?"

"தெரியலீங்க ஐயா."

என் வாயிலிருந்து வந்த பதில்களில் அவர் கோபப்படாமல் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். தன் காப்பியில் பாதியை எனக்கு ஊற்றினார். ஆறிப்போயிருந்தது. மெதுவாகக் குடித்தேன்.