ஒன்றையும் விட்டுவிடாதவர்

காட்டை வெட்டுகிறவர்கள் உண்டு, காக்கிறவர்கள் உண்டு, அளந்து ஆராய்கிறவர்களும் உண்டு. இவர்களையெல்லாம் நீங்கள் அறிவீர்கள். இன்னோர் இனம் இருக்கிறது, அது காட்டுக்குள் காணக் கிடைக்காது. குளிரூட்டிய அறைகளில், நீள மேசைகளின் நடுவில் மட்டுமே வாழும். அதன் பெயர் இணைப்பவர்.

ஆராய்ச்சி சொல்வதை நிர்வாகத்தின் காதிலும், நிர்வாகம் சொல்வதை ஆராய்ச்சியின் காதிலும் போடுவது இவர் உத்தியோகம். எங்கள் அலுவலகத்து இணைப்பவருக்குப் 'பாலம்' என்று பெயர். நாங்கள் கேலியாகத்தான் வைத்தோம். அவரோ பட்டம் கிடைத்ததுபோல வாங்கிக்கொண்டார். ஒரு கையை அறிவியல் என்று இந்தப் பக்கம் நீட்டி, மறு கையை நிர்வாகம் என்று அந்தப் பக்கம் நீட்டி, பத்து விரல்களையும் கோத்துக் காட்டிவிட்டு, வந்திருப்பவர்கள் கைதட்டுகிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்ப்பாரே, அவரேதான். யார் எதைச் சொன்னாலும் பதில் ஒன்றுதான்: "நீங்க சொல்றதையேதான் அவரும் சொல்றார், வேற வார்த்தையில!" வீட்டில் மனைவி ஜன்னலைத் திற என்பாள், மாமியார் மூடு என்பார். இவர் நடுவில் நின்று, இருவரும் காற்றைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று விளக்குவார். ஜன்னல் அப்படியே இருக்கும்.

"சார், நீங்க காட்டுக்கே போனதில்லையாமே?" என்று ஒருநாள் கேட்டேன். அவரிடம் வரைவு எழுதித் தட்டச்சு செய்யும் குமாஸ்தா நான். எனக்கு அவ்வளவு உரிமை உண்டு.

"நான் அங்க போயிட்டா இங்க யாருப்பா இணைக்கிறது?" என்றார். நியாயம்தானே?

போன கோடையில் நடந்ததைச் சொல்கிறேன். வெயில் முற்றுமுன் பட்ட மரங்களை அகற்றிவிட வேண்டும் என்பது வனச்சரகரின் விதி; காய்ந்து நிற்கும் மரத்தில் தீ சட்டென்று ஏறும். அதே சரிவில் மூன்று வருடம் ஏறி இறங்கிய ஆராய்ச்சிக்காரப் பெண்ணிடம் வேறொரு கணக்கு இருந்தது. பட்ட மரங்களில் பதினொன்றில் பொந்து உண்டு. பொந்துகளில் ஆந்தைகள் குஞ்சு பொரித்திருக்கின்றன. அந்த ஆந்தைகள் இல்லாவிட்டால் எலிகள் பெருகி, விழும் விதையையெல்லாம் தின்று தீர்த்துவிடும், புதுக் கன்று முளைக்காது. இதைப் பேசித் தீர்க்கத்தான் பாலம் கூட்டம் போட்டார்.

கூட்டம் தொடங்குவதற்கு முன்பே, தேநீர் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றபடி இருவரும் பேசித் தீர்த்துவிட்டார்கள்.

"எந்த மரம்னு தெரிஞ்சா நான் ஏன் மேடம் வெட்டப் போறேன்? மஞ்சள் பெயின்ட்ல ஒரு கோடு போட்டுக் குடுங்க."

"பதினொண்ணுதான் சார். நாளைக்கே போட்டுடறேன்."

நான்கு நிமிடம். தேநீர்கூட ஆறவில்லை. அறை வாசலில் நின்று இதைப் பார்த்த பாலத்தின் முகம் வெளுத்தது. "ரெண்டு பேரும் நேரடியா பேசிக்கிட்டா எப்படி? எல்லாம் எழுத்துல வர வேண்டாமா?" என்று ஓடிவந்து, இருவரையும் மேசையின் இரு கோடிகளில் உட்காரவைத்து, நடுவில் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கூட்டம் சாயங்காலம் வரை நடந்தது.

மறுநாள் அந்தப் பெண் சொன்னபடியே கோடு போட்டுவிட்டு வந்தாள். பாலம் சுற்றறிக்கை எழுத உட்கார்ந்தார். அவர் முன்னால் இரண்டு குறிப்புகள். ஒன்றில், 'கோடிட்ட மரங்களை விட்டுவிட வேண்டும்.' மற்றதில், 'பட்ட மரங்களை அகற்ற வேண்டும்.' சாதாரண மனிதன் என்றால் இரண்டு வாக்கியமாக எழுதியிருப்பான். இவர் இணைப்பவர் ஆயிற்றே! அரைமணி நேரம் யோசித்து இணைத்தார்: 'கோடிட்ட பட்ட மரங்களை விட்டுவிடாமல் அகற்ற வேண்டும்.'

சுற்றறிக்கை மரம் வெட்டும் காட்டு முகாமுக்குப் போய்ச் சேர்ந்த அன்று, சரகரும் ஆராய்ச்சிக்காரப் பெண்ணும் பாலம் நடத்திய 'தகவல் பரிமாற்றப் பயிலரங்'கில் உட்கார்ந்திருந்தார்கள். கவனம் சிதறக் கூடாதென்று கைபேசிகளை வாசலிலேயே ஒரு கூடையில் வாங்கி வைத்திருந்தார். மதியச் சாப்பாட்டு இடைவேளையில்தான் சரகர் தன் கைபேசியை எடுத்தார். முகாம் மேஸ்திரி மறுமுனையில் உற்சாகமாக இருந்தான்.

"தேடவே வேணாம் சார், மஞ்சக் கோடு பளிச்சுனு தெரிஞ்சுது. ஆறு முடிச்சாச்சு. ஒண்ணுல மட்டும் ரெண்டு குஞ்சு இருந்திச்சு, பாவம்."

"நிறுத்துய்யா!" என்று சரகர் கத்தியதில் சாப்பாட்டு அறையே எழுந்து நின்றது. மீதி ஐந்து மரம் பிழைத்தது அப்படித்தான்.

ஆராய்ச்சிக்காரப் பெண் சுற்றறிக்கையைப் பாலத்தின் முன்னால் வைத்து, அந்த வரியின் மேல் விரலை ஊன்றினாள். "நான் விட்டுடணும்னுதானே சார் சொன்னேன்?"

"'விட்டு' இருக்கே மேடம்!" பாலத்துக்கு உண்மையிலேயே புரியவில்லை. "பாருங்க, உங்க வார்த்தையும் இருக்கு, சரகர் வார்த்தையும் இருக்கு. ஒண்ணைக்கூட நான் விடலை."

அவள் சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். இத்தனை நாள் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

பாலம் மனம் தளர்ந்தாரா? அது அந்த இனத்தின் இயல்பில் இல்லை. 'இதுதான் தகவல் இடைவெளி' என்று கண்டுபிடித்து, அதை நிரப்ப இன்னும் பெரிய மாநாடு ஒன்று கூட்டினார். மேடையில் சரகருக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஆளுக்கொரு நினைவுப் பரிசு கொடுத்தார். மரத்துண்டில் செய்த பேனாத் தாங்கி. வழவழப்பாக மெருகேற்றியிருந்தார்கள், அழகுக்காகப் பட்டையை ஒரு பக்கம் விட்டிருந்தார்கள், அதில் மஞ்சள் கோடு. பேனா செருக வசதியாகப் பொந்து ஏற்கெனவே இருந்தது. அவள் பேனாவை உருவிவிட்டு உள்ளே பார்த்தாள். அரங்கம் கைதட்டியது. பாலம் பத்து விரல்களையும் கோத்துக் காட்டினார்.

இப்போது ஒரு விஷயம். அந்தச் சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்தவன் நான்தான். 'விட்டுவிடாமல்' என்ற இடத்தில் விரல் ஒரு கணம் நின்றது. அந்தம்மா பார்த்துக்கொள்வார், சரகர் கேட்டுக்கொள்வார், நடுவில் நமக்கென்ன என்று மேலே அடித்துவிட்டேன்.

உங்களுக்கும், 'பாவம், பாலத்தின் மேலும் முழுத் தப்பு இல்லை, இந்தக் குமாஸ்தா மேலும் முழுத் தப்பு இல்லை' என்று தோன்றுகிறதா? வாருங்கள். அடுத்த கூட்டத்தில் நடு நாற்காலி உங்களுக்குத்தான். பேனாத் தாங்கியும் இன்னும் நாலு மீதி இருக்கிறது.