குரல் நாணில் ஓர் இடைவெளி

அன்று காலை ஸ்கேன்காரர் தனியாக ஒரு முடிவெடுத்தார். கல்யாணமான பதினான்கு வருடத்தில் அதுதான் முதல் தடவை. "தாராளமா வாங்கக்கா! உங்க வீடு கட்டி முடியிற வரைக்கும் இங்கேயே இருங்க" என்று மனைவியைக் கேட்காமலேயே அக்காவிடம் போனில் சொல்லிவிட்டார். ஆறு மாதம்! அக்காவிடம் முடியாது என்று சொல்லவும் அவருக்குத் தைரியம் கிடையாது. சரி என்று சொன்னதை மனைவியிடம் சொல்லவும் கிடையாது.

மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. இரண்டு வாரமாகத் தொண்டை கட்டிக் கரகரத்தது. குரல்தானே பிழைப்பு? பயந்துபோயிருந்தாள். அந்தப் பயத்தில் ஸ்கேன்காரருக்கு ஒரு வழி தெரிந்தது. வாயையே திறக்கக் கூடாது என்று ஆக்கிவிட்டால் 'முடியாது' என்று எப்படிச் சொல்வாள்?

"தொண்டையைப் பார்க்க மூக்குல குழாய் எல்லாம் விட வேண்டாம். கழுத்து மேல வச்சே பார்த்துடலாம், வா" என்று தன் ஸ்கேன் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்.

மதியம், கூட்டமில்லை. கழுத்தில் ஜெல் தடவிக் கருவியை வைத்தார். வருடக்கணக்காக வயிறுகளையே பார்த்து அலுத்த கண். திரையில் கூடாரம் போல இரண்டு கோடுகள் தெரிந்ததும் வந்த காரியமே மறந்துபோனது.

"இதுவாங்க பேசுது?"

"இதேதான். குரல் நாண். ஈ-ன்னு சொல்லு."

"ஈ..."

இரண்டும் நடுவில் வந்து ஒட்டிக்கொண்டு கிடுகிடுவென்று நடுங்கின.

"அய்யோ, சமத்தா ஒட்டிக்குதே! நிறுத்தினா?"

"விலகிடும்."

"இருமினா?"

"இருமு, பார்ப்போம்."

"குசுகுசுன்னு பேசினா?"

"முழுசா ஒட்டாதுன்னு படிச்சிருக்கேன். பேசு, பேசு!"

அரை மணி நேரம் இரண்டு பேரும் தலையோடு தலை முட்டித் திரையையே பார்த்தார்கள். திடீரென்று அவருக்கு அக்கா ஞாபகம் வந்தது. அடுத்த கேள்விக்காக மனைவி மூச்சை இழுத்த நொடியில் பொத்தானை அமுக்கிப் படத்தை நிறுத்தினார்.

"பாத்தியா? எவ்வளவு இடைவெளி! மூடவே மாட்டேங்குது. பத்து நாள் மூச்! ஒரு வார்த்தை பேசக் கூடாது."

அவள் படத்தைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். தலையாட்டினாள். அவருக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா விஷயத்தை மெல்ல அவிழ்த்துவிட்டார். அவள் ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்: 'வரட்டுமே.' ஸ்கேன்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூன்றாம் நாள் அக்கா கூப்பிட்டாள்.

"டேய் தம்பி, எல்லாம் கட்டி வச்சிட்டேன். உன் பொண்டாட்டிகிட்ட போனைக் குடு."

"எதுக்குக்கா?"

"வீட்டுக்காரி வாயால வாங்கன்னு கூப்பிடாத வீட்டுல நான் கால் வைக்க மாட்டேன். தெரியாதா உனக்கு?"

போனைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார். "ஒரே ஒரு வார்த்தை! வாங்கன்னு மட்டும் சொல்லிடு."

'இடைவெளி?' என்று எழுதினாள்.

"அட, அது ஒண்ணும் இல்லம்மா! நீ மூச்சு இழுக்கறப்போ எடுத்த படம். அப்போ எல்லாருக்குமே விலகத்தான் செய்யும்!"

'தெரியும். ஈ சொன்னப்போ ஒட்டினதை நானும்தான் பார்த்தேன்.'

"தெரிஞ்சுமா? அப்போ பேசேன்!"

'பத்து நாள்னு நீங்கதானே சொன்னீங்க. இன்னும் ஏழு இருக்கு.'

வேறு வழியில்லை. "அக்கா, அவளுக்குத் தொண்டை சரியில்ல. பேசக் கூடாதாம்" என்று முனகினார்.

"அடப்பாவி! பேச முடியாதவ தலையிலயா என்னைக் கட்டப் பார்த்தே? நான் வாடகைக்குப் போய்க்கறேன். நீ பத்து நாள் லீவைப் போட்டுட்டு அடுப்படியைப் பாரு. தினமும் போன் பண்ணிக் கேப்பேன்!"

போன் கட்டானது. மனைவி தொண்டையைச் செருமினாள். மூன்று நாள் ஓய்வில் கரகரப்பு போயே போய்விட்டது. குரல் கணீரென்று வந்தது.

"ஏங்க, லீவு லெட்டரை நான் சொல்லச் சொல்ல எழுதறீங்களா?"