ஆட்டுக் குடல் நரம்பில் ஒரு கல்யாண ஊர்வலம்

ஒரு கலையை வருடக்கணக்கில் படித்தவர்கள் அடக்கமாக இருப்பார்கள். இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்குப் போய் வந்தவர்கள்தான் ஊரைத் திருத்தக் கிளம்புவார்கள். இருபத்திரண்டு வயதில் நான் அப்படிக் கிளம்பினேன்.

சென்னையில் நடந்த அந்த வகுப்பில், முந்நூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பிய இசையை அந்தக் காலத்தில் வாசித்த மாதிரியே வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். வயலினுக்கு இரும்புக் கம்பி கூடாது, ஆட்டுக் குடலைத் திரித்த நரம்புதான். சுருதி இன்றைக்கு உள்ளதைவிட அரைக்கட்டை குறைவு. கீபோர்டும் மைக்கும் பாவம். (பாவம் என்று அவர்கள் சொல்லவில்லை. நாங்கள் வேதக்காரக் குடும்பம், எதையும் அப்படித்தான் புரிந்துகொள்வோம்.) கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே, எங்கள் சர்ச்சில் அதுவரை நான் வாசித்ததெல்லாம் பொய் என்று முடிவு செய்திருந்தேன்.

அடுத்த மாதம் ஸ்டெல்லா அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கல்வராயன் மலையில் வாத்தியார். கல்யாணமும் மலைமேல், அவர்கள் ஊர் சர்ச்சில். அக்கா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்பா இருந்தா கையப் புடிச்சிக்கினு உள்ள கூட்டிக்கினு போவாரு. அவரு இல்ல. நீ வாசிடி. உன் வயலின் சத்தத்தப் புடிச்சிக்கினு நடந்துடறேன்."

இப்படிக் கேட்டவளுக்கு இரும்புக் கம்பியில் வாசிப்பதா? அசல் நரம்புக்கு எங்கே போவது? கறிக்கடைக்குத்தான் போனேன்.

"இன்னாமா, கறியா, போட்டி குடலா?" என்றார் பாய்.

"குடல் மட்டும் பாய். நீளமா, கிழியாம வேணும்."

"கொழம்பா, வறுவலா?"

"வயலினுக்கு."

பாய் கத்தியைக் கீழே வைத்தார். "வூட்ல அம்மாக்குத் தெரியுமா?"

தெரியாது. மொட்டைமாடிக்கு வந்தபோதுதான் தெரிந்தது. கழுவி, சாம்பல் தண்ணீரில் ஊறவைத்து, முறுக்கி, துணிக்கொடியில் இழுத்துக் கட்டியிருந்தேன். "கல்யாணப் பொண்ணு துணி காயற கொடில இன்னாடி இது?" என்று அம்மா போட்ட சத்தம் தியாகதுருகம் வரைக்கும் கேட்டிருக்கும். காக்கைகள் கொண்டுபோனது போக மூன்று நரம்பு தேறியது. நான்காவதாகப் பழைய இரும்புக் கம்பியையே விட்டுவிட்டேன். (இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.)

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் மலையேறி, அந்த ஊர்ப் பாடகர் குழுவைத் தயார் செய்தேன். எட்டுப் பேர். தலைவர் ஜீப் ஓட்டும் யோபு அண்ணன். சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர். பழைய ஜெர்மன் மெட்டு ஒன்றுக்குத் தமிழ் வரி போட்டு நான்கு சரணம் பழக்கினேன். அவர்களுடைய கீபோர்டை உறைக்குள் போட்டுக் கட்டிவிட்டு, "என் வயலின மட்டும் கேளுங்க. அது எங்க போனாலும் பின்னாடியே வாங்க" என்றேன்.

"ஆவட்டும்மா, வுடவே மாட்டோம்" என்றார் யோபு அண்ணன்.

கல்யாணக் காலையில் ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம், உள்ளே நிறைந்த சனம். வாசலில் பேருக்குச் சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டு அக்கா. நான் நரம்பில் வில்லை வைத்தேன். முதல் சரணம் அவ்வளவு அழகாக வந்தது. என் திறமையை நினைத்து எனக்கே கண்ணீர் வந்துவிட்டது.

இரண்டாம் சரணத்தில் நரம்பு இளக ஆரம்பித்தது. கைப்பக்குவத்தில் செய்த புது நரம்பு இழுத்துக்கொண்டே போகும் என்பதை வகுப்பில் சொல்லவில்லை. (மூன்றாம் நாள் பாடமோ என்னவோ.) வரிக்கு வரி சுருதி இறங்கியது. நான் விரலை மேலே நகர்த்தினால் நரம்பு அதைவிட வேகமாகத் தொய்ந்தது. குழுவோ விடவே இல்லை, கூடவே இறங்கியது. மூன்றாம் சரணத்தில் பெண்கள் ஆண்குரலில் பாடினார்கள். ஆண்கள் எந்தக் குரலில் பாடினார்கள் என்று சொல்லத் தெரியவில்லை. யோபு அண்ணனின் தாடை நெஞ்சில் புதைந்திருந்தது. வாய் அசைந்தது, சத்தம் இல்லை. இன்னும் இறங்கணுமா என்று பணிவோடு என்னைப் பார்த்தார்.

பட்டென்று நரம்பு அறுந்து என் கன்னத்தில் அடித்தது. நான் நின்றேன். எட்டு வாயும் ஒரே நொடியில் மூடின.

அக்கா சர்ச்சின் நட்டநடுவில் நின்றாள். பிடித்துக்கொண்டு வந்த சத்தம் போய்விட்டது. கல்யாண முகம் சுருங்குவதைப் பார்த்தேன். அப்பாதான் இல்லை, இருக்கிற நானும் பாதி வழியில் விட்டுவிட்டேனே. அந்த நிசப்தத்தில் முன்வரிசையிலிருந்து அம்மாவின் குரல் மட்டும் கேட்டது.

"கொழம்பாவது வெச்சிருக்கலாம்."

அக்கா சிரித்துவிட்டாள். குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டு, சித்தப்பாவின் கையை விட்டுவிட்டு, நான்காம் சரணத்தைத் தானே பாட ஆரம்பித்தாள். எந்த நூற்றாண்டுச் சுருதியும் இல்லை, அவள் தொண்டைக்கு வந்த சுருதி. பாடிக்கொண்டே தனியாக நடந்து மாப்பிள்ளை பக்கத்தில் போய் நின்றாள்.

ஏழு வருடம் கழித்து, போன மாதம், அக்காவைக் கட்டிய மாமாவின் தங்கைக்கு அதே சர்ச்சில் கல்யாணம். நான் திருந்திப்போய், கடையில் வாங்கிய கம்பி போட்ட வயலினோடு விருந்தாளியாக உட்கார்ந்திருந்தேன். அதே பாட்டைக் குழு எடுத்தது. முதல் சரணம் பிரமாதம். இரண்டாவதில் சுருதி இறங்கியது. மூன்றாவதில் யோபு அண்ணனின் தாடை நெஞ்சுக்குப் போனது. திடீரென்று எல்லோரும் வாயை மூடினார்கள். நடுவில் நின்ற மணப்பெண் குலுங்கிச் சிரித்துவிட்டு, நான்காம் சரணத்தைத் தனியாகப் பாடிக்கொண்டு நடந்தாள்.

சர்ச்சில் எல்லாம் முடிந்ததும் யோபு அண்ணனிடம் ஓடினேன். "அண்ணே, அன்னிக்கு நரம்பு கெட்டுப்போச்சு, அதான் அப்பிடி ஆயிடுச்சு. அந்தப் பாட்டு இப்பிடி இல்லவே இல்லண்ணே!"

யோபு அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா பேசுறீங்க? இந்த ஊர்ல ஆறு கல்யாணம் இப்பிடித்தான் நடந்திருக்குது. போன வருசம் ஒரு பொண்ணு சிரிக்க மறந்துட்டா. வாசலுக்கே திருப்பி அனுப்பி, மொதல்லேந்து வரவெச்சோம். மொறன்னா மொறதாம்மா. நெனச்சாப்ல மாத்த முடியுமா?"

பக்கத்தில் நின்ற அக்கா என் தோளைத் தட்டி, "நல்லா கேட்டுக்கடி" என்றாள்.