எங்கள் வீட்டு டி.வி.யில் நாங்கள் விருந்தாளி

அன்பும் மரியாதையும் ஒருசேர உரித்தான மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. தாங்களும் என் மகளும் பேத்தியும் வெளிநாட்டில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியும் இல்லை. நான் போன் செய்தால் தாங்கள் மீட்டிங்கில் இருக்கிறீர்கள், மீட்டிங் இல்லாவிட்டால் தூக்கத்தில் இருக்கிறீர்கள். ஆகையால் கடிதம். இங்கே நானும் தங்கள் அத்தையும் உடம்பளவில் நலம். மாப்பிள்ளையைக் குறை சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம், அதை நான் மீற மாட்டேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன். படிக்கும்போது எங்காவது குறை தென்பட்டால் அது டி.வி.யைச் சேர்ந்தது என்று கொள்ளவும்.

போன விடுமுறையில் தாங்கள் வந்து எங்கள் சோபாவில் சாய்ந்திருந்தபோது, அத்தை வழக்கம்போல் தன் சீரியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெண் கதவைத் திறக்கக் கையை நீட்டினாள், விளம்பரம் வந்தது. திரும்பி வந்தபோதும் கை நீட்டியபடியே இருந்தது, மறுபடியும் விளம்பரம் வந்தது. தாங்கள் சிரித்துவிட்டு, "மாமா, இந்தக் காலத்துல யாராவது டிஷ் வெச்சிருப்பாங்களா? அவன் காட்டுறத நாம எதுக்குப் பார்க்கணும்? நமக்கு வேண்டியத வேண்டிய நேரத்துல நாமதான் பார்க்கணும்" என்றீர்கள். எடை அளவு ஆய்வாளராகக் கடை கடையாக ஏறித் தராசுக்கு முத்திரை குத்தி ஓய்வு பெற்றவன் நான். உத்தியோகத்தில் மேலதிகாரி காட்டியதைப் பார்த்தேன், வீட்டுக்கு வந்தால் அத்தை காட்டியதைப் பார்த்தேன். ஆகவே 'நாமதான்' என்ற சொல் எனக்குத் தேனாக இனித்தது. தலையாட்டினேன். ஆட்டி நிறுத்துவதற்குள் தாங்கள் டிஷ் கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டீர்கள். படம் தெரியாமல் நான் கூப்பிட்ட காலத்திலெல்லாம் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று எந்திரம்தான் பேசும். விலகுகிறோம் என்றதும் ஒரு பெண் தேன் குரலில் வந்து, எங்களிடம் என்ன குறை கண்டீர்கள், எங்களை விட்டுப் போகிறீர்களே என்று கேட்டாள். அந்தக் கம்பெனியில் மனிதர்களும் வேலை செய்கிறார்கள் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. தாங்கள்தான் கலங்காமல் பேசி முடித்தீர்கள். மொட்டை மாடியில் அநாதையாகக் கிடந்த டிஷ்ஷை வீட்டுக்காரர் சும்மா கிடப்பானேன் என்று கழற்றித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகப் போட்டுக்கொண்டார். அளவு கச்சிதமாக இருந்தது என்பதை ஆய்வாளர் என்ற முறையில் நானே சொல்ல வேண்டியதாயிற்று.

தங்கள் சந்தாவில் ஓடும் ஆப்பை எங்கள் டி.வி.யிலும் இதே ஊரில் தங்கள் அப்பா வீட்டு டி.வி.யிலும் ஏற்றிவைத்துவிட்டுத் தாங்கள் கிளம்பிய அன்று மாலை டி.வி.யைப் போட்டோம். அது படம் காட்டவில்லை, எங்களை விசாரித்தது. யார் பார்க்கிறீர்கள் என்று கேட்டு வரிசையாக நான்கு முகங்களைக் காட்டியது: அப்பா, அம்மா, பாப்பா, விருந்தாளி. பாப்பா நம் பேத்தி, அதில் சந்தேகமில்லை. மற்றதை அத்தை ஒரே பார்வையில் தீர்த்துவிட்டாள். சந்தா உங்களுடையது, ஆகவே அப்பா என்றால் உங்கள் அப்பா, அம்மா என்றால் உங்கள் அம்மா. எங்கள் மகளுக்கு அதில் உட்கார இடமே இல்லை. அவளைப் பெற்ற நாங்கள் விருந்தாளி. "நம்ம வீடு, நம்ம சோபா, நம்ம கரண்டு. நாம விருந்தாளியா?" என்றாள். மாப்பிள்ளை அவசரத்தில் போட்டிருப்பார் என்று சமாதானம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் சமாதானம் சொல்லித்தான் இந்த நிலைக்கு வந்தோம் என்றாள்.

சரி, விருந்தாளியாகவே நுழைந்தோம். நுழைந்தால் உள்ளே கடல்போல் படங்கள். வலது பக்கம் தள்ளினால் தள்ளிக்கொண்டே போகிறது, கீழே இறங்கினால் இறங்கிக்கொண்டே போகிறது. எதையாவது போடுங்கள் என்பாள். போட்டால் இதையா போட்டீர்கள் என்பாள். ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுப் பார்த்து, சாப்பிடப் போன இடத்தில் மெனு கார்டை மட்டும் படித்துவிட்டு வந்தவர்களைப் போல் பசியோடு படுக்கப் போவோம். ஒருநாள் கை தவறிப் பாப்பாவின் முகத்தில் அமுக்கிவிட்டேன். அதற்குள் போவது சுலபம், வெளியே வருவதற்கு ரகசிய எண் வேண்டுமாம். எண் தங்களிடம், தாங்கள் மீட்டிங்கில். என் மகள் போன் எடுத்து எங்களை விடுவிக்கும்வரை நாங்கள் இருவரும் ஒரு வாத்துக் குஞ்சு பள்ளிக்கூடம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வாத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. சொன்ன நேரத்துக்கு எழுந்து, சொன்ன பேச்சைக் கேட்டது.

அதற்குப் பிறகுதான் பேய் பிடித்தது. எங்களுக்கு இல்லை, டி.வி.க்கு. அத்தையின் சீரியல் அதிலேயே முழுசாக இருப்பதைக் கண்டுபிடித்து முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள். கதவருகில் அந்தப் பெண் கை நீட்டிய இடத்துக்கு வந்த அன்று அங்கே நிறுத்திவிட்டுத் தூங்கப் போனாள். மறுநாள் போட்டால் கதவு திறந்திருக்கிறது, கட்டிலில் இருந்தவர் இறந்துபோய், எல்லோரும் அழுது முடித்து, சொத்துச் சண்டை ஆரம்பித்துவிட்டது. நான் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டேன் என்று அத்தை தீர்மானித்தாள். அன்றைய காபி ஆறித்தான் வந்தது. ஆனால் என் துப்பறியும் படத்துக்கும் அதே கதிதான், பாதியில் நிறுத்திவிட்டுப் போனால் மறுநாள் கொலைகாரன் கைவிலங்கோடு நிற்கிறான். இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் டி.வி. திரையில் கறாராக ஓர் அறிவிப்பு போட்டது: ஏற்கெனவே பலர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் வெளியேறினால்தான் நீங்கள் பார்க்க முடியும். யார் அந்தப் பலர் என்று நான் யோசிப்பதற்குள் அத்தை சொல்லிவிட்டாள்: அப்பாவும் அம்மாவும்.

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி, அத்தை மத்தியானமே டி.வி.யைப் போட்டு விருந்தாளிக்கு இடம் பிடிக்க ஆரம்பித்தாள். அந்தச் சனியனோ கொஞ்ச நேரம் ரிமோட்டைத் தொடாவிட்டால், இன்னும் பார்க்கிறீர்களா என்று கேட்கும். ஆமாம் என்று அமுக்காவிட்டால் இடம் போய்விடும். ஓய்வு பெற்ற எனக்கு மறுபடியும் உத்தியோகம் கிடைத்தது. மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு, ஒருவரும் பார்க்காத படத்தின் எதிரில் உட்கார்ந்து, ஆமாம் ஆமாம் என்று அமுக்க வேண்டும். எங்கள் கல்யாணத்திலிருந்தே எனக்குப் பழக்கமான வேலைதான், இருந்தாலும் ரிமோட்டில் செய்வது புதிது.

இந்தச் சமயத்தில் தங்கள் அம்மா போன் செய்தார். இரண்டு சம்பந்தியம்மாக்களும் பேசிய பேச்சில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. டி.வி.யெல்லாம் நல்லா ஓடுதா என்று அவர் கேட்க, எங்களுக்கென்னங்க, ஏதோ ஒரு ஓரமா உட்கார்ந்து பார்த்துக்கறோம் என்று அத்தை சொல்ல, நாங்களும் ஓரமாத்தாங்க என்று அவர் சொல்ல, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போனை வைத்தார்கள். 'ஓரமாத்தாங்க' என்றது குத்தல் என்று அத்தை மாலை முழுக்கச் சொன்னாள். கடைசியில், அடுத்த விடுமுறைக்கு நீங்கள் வரும்போது சம்பந்தி வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன், பேத்தியை இங்கே கொண்டுவந்து காட்டினால் பார்க்கிறேன், இல்லாவிட்டால் வேண்டாம் என்று ஒரே போடாகப் போட்டாள். பேத்தியே வேண்டாம் என்று அவள் வாயில் வந்ததும் இனி நானே நேரில் போய்ப் பேசித் தீர்ப்பது என்று முடிவு செய்தேன். மறுநாள் மத்தியானம் அத்தையிடம் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு நேரே தங்கள் அப்பாவைப் பார்க்கப் போனேன்.

கதவு ஒருக்களித்திருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து ஊருக்கெல்லாம் பார்வை கொடுத்த மனுஷர், கண்ணாடி நழுவி மூக்கு நுனிக்கு வந்திருக்க, வாய் திறந்து, பாதித் தூக்கத்தில், கையில் ரிமோட்டோடு டி.வி. எதிரில் உட்கார்ந்திருந்தார். திரையில் கேள்வி வந்தது. கண்ணைத் திறக்காமலே அமுக்கினார். அந்த விரலைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, நம் ஜாதிதான். ஆனால் திரை ஓரத்தில் இருந்த பெயர்தான் புரியவில்லை. தொட்டு எழுப்பி, "சம்பந்தி, நீங்க எதுக்கு விருந்தாளியில உட்கார்ந்திருக்கீங்க?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னை நிதானமாகப் பார்த்தார்.

"வேற எங்க உட்காரச் சொல்றீங்க? அப்பா எடத்துலதான் நீங்க உட்கார்ந்திருக்கீங்களே."

மருமகள் தன் அப்பா அம்மாவுக்குத் தனி இடம் போட்டுக் கொடுத்திருக்கிறாள், பெற்ற பிள்ளைக்கே அதில் இடமில்லை என்று தங்கள் அம்மா தினமும் அங்கே அழுதுகொண்டிருந்தாராம். சமையலறையிலிருந்து அவரும் வந்தார். அப்படியானால் அந்த அப்பா அம்மா யார் என்று மூன்று பேரும் விழித்துவிட்டு, தங்கள் ஊரில் அப்போதுதான் விடிந்து பேத்தி பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரம் என்பதால் அங்கே போன் போட்டோம். குழந்தை சந்தோஷமாகச் சொன்னாள்: "அப்பான்னா எங்க அப்பா. அம்மான்னா எங்க அம்மா. நீங்க நாலு பேரும் விருந்தாளி. நான்தான் பேர் போட்டேன். அப்பாகிட்ட காட்டினேன், சூப்பர்னு சொன்னாரு."

தாங்கள் சூப்பர் என்று சொன்னதாகத்தான் சொன்னாள், மாப்பிள்ளை. குழந்தை பொய் சொல்லாது. ஆக, கதவைத் திறந்ததும் தங்கள் அம்மாதான், கொலைகாரனைப் பிடித்ததும் தங்கள் அப்பாதான். எங்கள் படத்தை அவர்களும் அவர்கள் படத்தை நாங்களும் ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்து கெடுத்திருக்கிறோம். அத்தைக்குப் போன் செய்து வரச் சொன்னேன். பல் டாக்டர் எப்படி சம்பந்தி வீட்டில் இருக்கிறார் என்ற விசாரணையோடுதான் வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் விசாரணையை விட்டுவிட்டுச் சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். தங்கள் அம்மாதான் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னார்: "பெத்தவளும் விருந்தாளி, பொண்ணக் குடுத்தவளும் விருந்தாளி. அப்புறம் எதுக்குங்க நாம ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டோம்?" அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் டி.வி. எங்களைப் பார்த்து, இன்னும் பார்க்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

அன்றைக்கே நால்வரும் கூடி முடிவெடுத்தோம். டிஷ்தான். அவர்கள் குடியிருப்பில் டிஷ் மாட்ட விடமாட்டார்களாம், ஆகவே எங்கள் வீட்டில். வீட்டுக்காரருக்குத் தொட்டி மூடி ஒன்று புதிதாக வாங்கிக் கொடுத்து எங்கள் டிஷ்ஷை மீட்டோம். மெக்கானிக் வந்து அதன் முகத்தை வானத்துக்குத் திருப்பினார். இப்போது மாலையானால் தங்கள் அப்பாவும் அம்மாவும் இங்கே வந்துவிடுகிறார்கள். நாலு பேரும் ஒரே படத்தை ஒரே நேரத்தில் பார்க்கிறோம். ஒருவரும் ஒருவரை முந்திக்கொண்டு கதவைத் திறக்க முடியாது. விளம்பரத்தைத் தாங்கள் கேலி செய்தீர்கள். விளம்பரம் வந்தால்தானே ஐயா மனுஷன் மனுஷன் முகத்தைப் பார்க்கிறான்? அந்த இடைவேளையில் நாங்கள் உங்களைப் பற்றித்தான் பேசுகிறோம். நேரம் போதவில்லை, இன்னும் நாலு விளம்பரம் போட்டால் தேவலை.

ஆகவே மாப்பிள்ளை, உங்கள் சந்தாவிலிருந்து விருந்தாளியை இன்றே நீக்கிவிடுங்கள். அதன் பக்கம் நாங்கள் தலைவைத்தும் படுக்க மாட்டோம். ஒரே ஒரு சந்தேகம். வேண்டியதை வேண்டிய நேரத்தில் பார்க்கலாம் என்று சொன்னீர்கள். எங்கள் நாலு பேருக்கும் பார்க்க வேண்டியது நீங்கள் மூன்று பேர். நேரம் எதுவானாலும் சரி. அது எந்தச் சந்தாவில் வரும் என்று விசாரித்து எழுதவும்.

என் மகளுக்கும் பேத்திக்கும் ஆயுளும் ஆரோக்கியமும், தங்களுக்கு அவற்றோடு கொஞ்சம் ஓய்வும் கிடைக்க எல்லோரும் ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்
(தங்கள் அப்பாவும் படித்துப் பார்த்துச் சரி என்றார்)

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் ஒரு சிறிய மாறுதல். சீரியல் சேனல்காரனுக்கும் டிஷ் கம்பெனிக்கும் ஏதோ தகராறாம். கதாநாயகி கோர்ட்டுக் கூண்டில் ஏறி வாயைத் திறந்தாள், அதோடு திரை நீலமாகிவிட்டது. மீதிக் கதையை எங்கள் ஆப்பில் மட்டும் காணலாம் என்று ஒரு வரி ஓடுகிறது. அந்த ஆப் தங்கள் சந்தாவில் இருப்பதுதான். தங்கள் அம்மாவும் அத்தையும் என் தோளுக்குப் பின்னால் நின்று, நான் எழுதுவதை எழுத்து எழுத்தாகப் படிக்கிறார்கள். ஆகவே மேலே உள்ளதில் நலம் விசாரித்த வரிகளையும் ஆசீர்வாதத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடவும். விருந்தாளியை எக்காரணம் கொண்டும் நீக்க வேண்டாம். தபாலில் போனால் தாமதமாகும், தீர்ப்பு வந்துவிடும் என்கிறார்கள். இதை அப்படியே போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.