நூறு சதவீதத் தலைவர்கள் மூவர்

என் அக்கா பெற்ற ஒரே கணினி மேதைக்கு மாமா எழுதுவது.

இங்கு நானும் உன் அத்தையும் நலம். நீ நலமாக இருப்பதில் எனக்கு அக்கறை இல்லை. ஆனாலும் அக்கா முகத்துக்காக நலமாகவே இரு.

நிற்க. எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல், மூன்று பேர் நிற்கிறோம், ஓட்டுப் போட இணையத்தில் ஒரு பக்கம் செய்து கொடு என்று உன்னைக் கேட்டவன் நான்தான். அதற்காக என்னை எந்தச் செருப்பால் அடித்துக்கொள்வது என்று இன்னும் முடிவாகவில்லை. "சர்வரே வேணாம் மாமா, எல்லாத்தையும் பிரவுசரோட லோக்கல் ஸ்டோரேஜ்லயே வெச்சிடறேன். இப்படி யாருமே யோசிச்சதில்ல" என்றாய். ஏன் யாரும் யோசிக்கவில்லை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை பார்!

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் போட்டோம். மாலையில் முடிவைத் திறந்தால் எனக்கு நூறு சதவீதம். சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு நன்றி சொல்லக் கூட்ட அறைக்குப் போனேன். அங்கே மோட்டார் மைக் பிடித்து நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார். பம்பு அறைச் சாவியை இடுப்பிலேயே வைத்திருக்கும் கீழ்வீட்டுக்காரரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவது.

"எதுக்கு சார் நன்றி?"

"ஜெயிச்சதுக்குத்தான். நூறு பர்சன்ட்!"

"அது நான் சார்!"

அதற்குள் மூன்றாவது வேட்பாளரான பல் டாக்டர் உள்ளே வந்து, "ரெண்டு பேரும் மனசு விட்றாதீங்க, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று எங்கள் தோளில் தட்டினார். மூன்று போனையும் நீட்டினோம். மூன்றிலும் நூறு. அங்கிருந்தே உன்னைக் கூப்பிட்டேன். "ஆமா மாமா, அவங்கவங்க ஓட்டு அவங்கவங்க பிரவுசர்லயே இருக்கும், வெளிய எங்கயும் போகாது. அதானே இதுல அழகு!" என்றாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தேனடா, சபையே கேட்டது. ஓட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். வீட்டுக்கு ஒரு பெட்டி வைத்து, போட்டவனையே எண்ணிக்கொள்ளச் சொன்ன அறிவாளியை இப்போதுதான் பார்க்கிறேன்.

அதோடு போயிற்றா? "நான்தான் தலைவர், என்னைக் கேக்காம தண்ணி விடக்கூடாது" என்று மோட்டார் பம்பு அறையைப் பூட்டினார். டாக்டர் தண்ணீர்த் தொட்டி இருக்கும் மொட்டைமாடியைப் பூட்டினார். நான் மட்டும் சும்மா இருந்தால் என்ன மரியாதை? அலுவலக அறையைப் பூட்டினேன். மறுநாள் குழாயில் காற்றுத்தான் வந்தது. வாளியும் கையுமாக நின்ற பெண்கள் எங்கள் மூவரையும் நிற்கவைத்துக் கேட்ட கேள்விகளை எழுதினால் தபால்காரர் கோபித்துக்கொள்வார். வருகிற ஞாயிறு காகிதச் சீட்டில் மறுதேர்தல். லிஃப்டில் என்னோடு ஏற ஆளில்லை. நீ படித்த படிப்பை நினைத்தால் அந்தக் கல்லூரிக் கட்டடத்தின் மேல்தான் பரிதாபம் வருகிறது.

அக்காவுக்கு என் அன்பு. உன்னை ஆசீர்வதிக்கக் கை எழவில்லை. இருந்தாலும் பெரியவன் என்ற முறையில், கம்ப்யூட்டர் இல்லாத இடத்தில் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
ஒரு மாலை நேரத் தலைவனாகிய உன் மாமா

பி.கு.: கவரை ஒட்டும்போது உன் அத்தையின் போன் கண்ணில் பட்டது. அதில் நீ செய்த பக்கம் திறந்தே கிடக்கிறது. மோட்டாருக்கு நூறு சதவீதம். கேட்டேன். "அவர் வந்தா தண்ணியாவது ஒழுங்கா வரும்ல" என்றாள். ஆகவே மேலே எழுதியது எதையும் நீ படிக்கவில்லை. சீட்டுத் தேர்தலை எப்பாடு பட்டாவது நிறுத்துகிறேன். மறுபடியும் உன் முறையிலேயே நடத்திக் கொடுடா கண்ணா.